ராசி நம்பரும் ரோட்டுச் சட்டமும்: ஒரு 4டி பிளேட்டின் கதை

“மாமா, நம்பர் என்னோடது. காசு குடுத்து வாங்கினது. லாக்புக்ல அதே நம்பர்தான் இருக்கு. அப்புறம் எதுக்கு ஃபைன்?”

அக்கா மகன் போனில் கேட்ட கேள்வி இது. பிரிட்டனில் வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆன பையன். முந்தைய நாள் போலீஸ் வண்டி ஒன்று பின்னாலேயே வந்து ஓரம் கட்டச் சொல்லி, 100 பவுண்டு அபராதச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. வேகமாகப் போகவில்லை, சிக்னலைத் தாண்டவில்லை, இன்சூரன்ஸ் இருக்கிறது. நம்பர் பிளேட்டுக்காக மட்டும்.

நான் அச்சுத் தொழிலில் இருப்பவன். எழுத்துரு, இடைவெளி, ஓர வெட்டு என்று நாள் முழுக்க மில்லிமீட்டரோடு மல்லுக்கட்டுவதுதான் பிழைப்பு. “அடுத்த சனிக்கிழமை வண்டியைக் கொண்டு வா, அளந்து பார்த்துவிடலாம்” என்றேன். அளந்ததில் தெரிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். 3டி, 4டி, ஜெல் (எழுத்து புடைத்து நிற்பவை), ஷார்ட் பிளேட் (நீளம் குறைந்தது) என்று விற்கப்படும் எதையாவது வண்டியில் மாட்ட நினைப்பவர்களுக்கு உதவும். பிரிட்டன் சாலைகளுக்கான கதை இது. மற்ற நாடுகளுக்கு விதிகள் வேறு.

நம்பர் எப்படி வந்தது

பையன் நம்பரை வாங்கியதில் ஒரு குறையும் இல்லை. பிரிட்டனில் வாகனப் பதிவைக் கவனிப்பது ஸ்வான்சியில் இருக்கும் டி.வி.எல்.ஏ. அது 1989-இலிருந்து பிடித்தமான நம்பர்களைத் தானே விற்கிறது. ஆரம்ப விலை 250 பவுண்டு. மேலே எதுவரை போகும் என்று கேட்டால், 2014-இல் ‘25 ஓ’ என்ற நம்பர் கட்டணமெல்லாம் சேர்த்து 5 லட்சத்து 18 ஆயிரம் பவுண்டுக்கு ஏலம் போயிருக்கிறது. பையன் கொடுத்தது 399.

அவன் எடுத்த நம்பர் ஆர், ஏ, 5, 1 என்று தொடங்கும். பின்னால் மூன்று எழுத்து. அவை இங்கே தேவையில்லை. 5-ஐ எஸ் என்றும் 1-ஐ ஐ என்றும் படித்தால் ஆங்கிலத்தில் ‘ராசி’ என்று வரும். தமிழ் தெரியாதவனுக்கு அது வெறும் நம்பர், தெரிந்தவனுக்கு ராசி. தேடிப்பிடித்த பையனின் மூளையை மெச்சத்தான் வேண்டும்.

இந்த விளையாட்டுக்கு பிரிட்டிஷ் முறையே இடம் கொடுக்கிறது. 2001 செப்டம்பரில் வந்த இப்போதைய வடிவத்தில் முதலில் இரண்டு எழுத்து, பிறகு இரண்டு எண், கடைசியில் மூன்று எழுத்து. முதல் எழுத்து வட்டாரத்தைக் குறிக்கும். ஆர் என்றால் ரெடிங் பக்கம். நடுவில் வரும் எண் வண்டியின் வயதைச் சொல்லும். மார்ச்சில் பதிவானால் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், செப்டம்பரில் பதிவானால் அதோடு 50. ஆக 51 என்றால் 2001 செப்டம்பர் முதல் 2002 பிப்ரவரி வரை. எந்த இடத்தில் எழுத்து, எந்த இடத்தில் எண் என்பது முன்பே முடிவாகிவிட்டதால், இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் குழப்பம் வராது. அந்த நம்பிக்கையில்தான் அதிகாரப்பூர்வ எழுத்துருவில் பூஜ்யத்தையும் ஓ-வையும் ஒரே வடிவத்தில் வைத்திருக்கிறார்கள். 1-உம் ஐ-யும்கூட அப்படியே.

பையனின் கார் 2019 மாடல். அதில் 51 போடலாமா என்றால், போடலாம். புது வண்டிக்குப் பழைய நம்பர் போட்டு வயதைக் கூட்டிக் காட்டினால் யாரும் கேட்கமாட்டார்கள். பழைய வண்டிக்குப் புது நம்பர் போட்டு இளமையாகக் காட்டுவதற்குத்தான் தடை.

நம்பரை ஆன்லைனில் வண்டிக்கு மாற்றினான், புது வி5சி (அதாவது லாக்புக், வண்டியின் பதிவுச் சான்று) வந்தது, இன்சூரன்ஸ்காரர்களுக்கும் சொல்லிவிட்டான். அதுவரை எல்லாம் சரி.

பிளேட் எப்படி வந்தது

பிரிட்டனில் நம்பரைத் தருவது அரசு, பிளேட்டைச் செய்வது தனியார் கடை. ஜெர்மனியில் இப்படி இல்லை. அங்கேயும் பிளேட்டை அச்சடிப்பது கடைதான். ஆனால் பதிவு அலுவலகம் தன் முத்திரையை அதன்மேல் ஒட்டினால்தான் அது செல்லும். இந்தியாவில் 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகள் லேசரில் பொறித்த எண்ணும் ஹாலோகிராமும் வைத்த உயர் பாதுகாப்பு பிளேட்டோடுதான் வெளியே வருகின்றன. பிரிட்டனில் கடைக்கும் வண்டிக்கும் நடுவே அரசு கை வைக்கும் கட்டம் எதுவும் இல்லை. கடை நேர்மையாக இருக்கும் என்பதும், வாங்குபவன் அளவைப் பார்ப்பான் என்பதும்தான் பாதுகாப்பு. ஆடம்பர பிளேட் வியாபாரம் இந்த ஊரில் இவ்வளவு கொழிப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

அதற்காகக் கடைகளுக்குக் கட்டுப்பாடே இல்லை என்று சொல்ல முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 ஜனவரியிலிருந்து, மற்ற பகுதிகளில் அதற்குப் பிறகு, நம்பர் பிளேட் விற்பவர் டி.வி.எல்.ஏ.வில் பதிந்திருக்க வேண்டும். வாங்க வருபவரின் அடையாளச் சான்றையும், அந்த நம்பருக்கு அவருக்கு உரிமை உண்டு என்று காட்டும் வி5சி போன்ற ஒரு தாளையும் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் அடுத்தவர் நம்பரை அடித்து மாட்டிக்கொண்டு சுற்றலாம், அபராதக் கடிதம் அப்பாவி வீட்டுக்குப் போகும். அப்படி நடக்கவும் செய்கிறது.

பையன் போனது ஒரு இணையக் கடைக்கு. பக்கத்தின் தலையிலேயே ‘4டி, ரோட் லீகல்’ என்று பெரிதாகப் போட்டிருந்ததாம். நம்பரைத் தட்டினான், எழுத்தை எங்கே வைக்கலாம் என்று சுட்டியால் இழுத்துப் பார்த்தான், நடுவில் ஒரு சின்னப் படத்தைச் சேர்த்தான், பணம் கட்டினான். யாரும் லைசென்ஸ் கேட்கவில்லை, லாக்புக் கேட்கவில்லை.

“எதுவுமே கேக்கலையா? அப்பவே சந்தேகம் வந்திருக்க வேண்டாமாடா?”

“ஈஸியா இருக்கேன்னு நினைச்சேன் மாமா.”

நடுவில் வைத்த படம் வேல். ஊரிலிருந்து கிளம்பும்போது அக்கா பழனிக்கு வேண்டிக்கொண்டதாம், பையன் முதல் காரில் வேல் வைப்பான் என்று. காரில் என்றுதான் வேண்டியிருக்கிறாள். பிளேட்டில் வைத்தது இவன் சொந்த யோசனை.

மூன்று சகுனங்கள்

அபராதத்துக்கு முன்பே சில விஷயங்கள் நடந்திருக்கின்றன. அவன் வேலை பார்க்கும் இடத்தின் கார் நிறுத்தத்தில் தடுப்புக் கட்டை தானாகத் திறக்கும். கேமரா நம்பரைப் படித்து, பட்டியலில் இருந்தால் தூக்கிவிடும். புது பிளேட் மாட்டிய வாரத்திலிருந்து இவனுக்கு மட்டும் திறக்கவில்லை. காவலாளி தன் திரையைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். ஏழு எழுத்து இருக்க வேண்டிய நம்பரில் எட்டு இருந்தன. வேல் படத்தை இயந்திரம் இன்னொரு 1 என்று படித்துவிட்டது. நிமிர்ந்து நிற்கும் கறுப்புக் கோடு அதற்கு 1-தானே, பாவம் அதற்கு முருகனைத் தெரியுமா.

இவன் என்ன செய்திருக்கிறான்? எட்டு எழுத்து நம்பரையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறான். கட்டை திறந்தது, பிரச்சினை தீர்ந்ததாக நினைத்துவிட்டான்.

இரண்டாவது, வண்டி கழுவும்போது பின் பிளேட்டின் கடைசி எழுத்து ஒரு மூலையில் லேசாகத் தூக்கிக்கொண்டது. பசை வைத்து அழுத்திவிட்டான். மூன்றாவதுதான் போலீஸ்.

ஸ்கேலோடு ஒரு சனிக்கிழமை

வண்டி வந்தது. சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. 5 மில்லிமீட்டர் தடிமனில் லேசரில் வெட்டிய பளபளப்பான கறுப்பு அக்ரிலிக் எழுத்துகள், மஞ்சள் பின்னணியில் ஒட்டியவை. வெயில் படும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் மெல்லிய நிழல் விழுந்தது. 4டி என்பது வெறும் விற்பனைப் பெயர். நாலாவது பரிமாணம் எதுவும் இல்லை. முன்பு பிசின் ஊற்றிக் குமிழ் போலச் செய்த எழுத்தை 3டி ஜெல் என்று விற்றார்கள், தட்டையாக வெட்டி ஒட்டியது வந்ததும் பெயருக்கு ஒரு எண்ணைக் கூட்டிவிட்டார்கள்.

பிரிட்டனில் பிளேட் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்வது 2001-இல் வந்த பதிவுக் குறி காட்சி விதிகள். கார் எழுத்தின் உயரம் 79 மி.மீ., அகலம் 50 மி.மீ. (1-க்கும் ஐ-க்கும் மட்டும் இது பொருந்தாது), கோட்டின் தடிமன் 14 மி.மீ. பக்கத்துப் பக்கத்து எழுத்துக்கு நடுவே 11 மி.மீ., முதல் நாலுக்கும் கடைசி மூன்றுக்கும் நடுவே 33 மி.மீ. சுற்றிலும் ஓரம் 11 மி.மீ.க்குக் குறையக்கூடாது. எழுத்துரு சார்லஸ் ரைட் 2001. சாய்ந்த எழுத்து கூடாது, இரட்டைக் கோடு கூடாது.

இரும்பு ஸ்கேலை வைத்தேன். முதல் இரண்டு எழுத்தும் கச்சிதம். 79, 50, 14. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு 5-க்கு வந்தேன். உயரம் அகலம் சரிதான். ஆனால் வடிவம்? மேலே இடது மூலையில் 5-க்கு இருக்க வேண்டிய நேரான முனை இல்லை, வழித்து உருட்டிவிட்டிருந்தார்கள். அது 5 இல்லை, எஸ். இதுதான் முதல் மீறல். கண்ணுக்கு 5-ஆகத் தெரியாத 5-க்குச் சட்டத்தில் இடம் கிடையாது.

அடுத்து நடு இடைவெளி. 33 இருக்க வேண்டியது 52. அந்த அகலத்தில்தான் வேல் நிற்கிறது. கூடுதல் 19 மி.மீ. எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், கடைசி மூன்று எழுத்தும் 50-க்குப் பதில் 42 மி.மீ. அகலம். மூன்றிலும் எட்டு எட்டாகப் பிடுங்கி 24 மி.மீ. மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அச்சகத்தில் பத்தி பிதுங்கினால் நாங்கள் செய்யும் தில்லுமுல்லு அப்படியே.

பிளேட்டின் நீளம் 410 மி.மீ. வழக்கமான பிளேட் 520. இது ஷார்ட் பிளேட். குட்டைப் பிளேட் என்றாலே தப்பு என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் தப்பில்லை. எழுத்துகளும் இடைவெளியும் ஓரமும் சரியாக இருந்தால் பிளேட்டைக் குறைக்கலாம். எவ்வளவு குறைக்கலாம் என்பது வெறும் கூட்டல் கணக்கு. இந்த நம்பரில் 50 மி.மீ. எழுத்து ஆறு, 300. கோடுபோல நிற்கும் 1-க்கு 14. சின்ன இடைவெளி ஐந்து, 55. நடு இடைவெளி 33. இரண்டு ஓரமும் 22. ஆக 424 மி.மீ. வரை குறைத்திருந்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. 410-க்கு வெட்டியதால் இரண்டு பக்கமும் ஓரம் 6.5 மி.மீ.தான் மிஞ்சியது. 14 மி.மீ. பேராசை.

வேல் படத்தைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. பிளேட்டின் இடது ஓரத்தில் யூனியன் கொடி, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் கொடிகள், நாட்டுப் பெயரெழுத்து என்று சிலவற்றுக்கு அனுமதி உண்டு. மின்சார வண்டி என்றால் 2020 டிசம்பரிலிருந்து பச்சைப் பட்டை வைக்கலாம். எழுத்துகளுக்கு நடுவே எதுவும் கூடாது, சாமியானாலும் சரி, கால்பந்து அணிச் சின்னமானாலும் சரி.

இத்தனைக்கும் மேல், எழுத்து தூக்கி நிற்பது? அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. “4டி போட்டதாலதானே மாமா புடிச்சாங்க?” இல்லை. தூக்கி நிற்கும் எழுத்துக்கு அனுமதி இருக்கிறது, அரசின் வழிகாட்டியே அப்படித்தான் சொல்கிறது. 2021 செப்டம்பர் 1 முதல் புதிதாக மாட்டும் பிளேட்டில் எழுத்து ஒரே கறுப்பாக இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். அதற்கு முன் சாம்பல் நிழல் அச்சடித்து எழுத்து புடைத்திருப்பதுபோலக் கண்ணை ஏமாற்றும் பிளேட் இருந்தது. அதை நிறுத்திவிட்டார்கள். ஏமாற்று நிழலுக்குத் தடை, நிஜ நிழலுக்கு அனுமதி. வேடிக்கைதான், ஆனால் கறுப்பு ஒரே கறுப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் விதியின் நோக்கம் என்று பார்த்தால் புரியும்.

ஆக, அவன் பெருமைப்பட்ட அந்த ஒரு அம்சம் மட்டும்தான் முழுக்கச் சட்டப்படி இருந்தது. ‘ரோட் லீகல்’ என்று கடைக்காரர் போட்டதும் அதை வைத்துத்தான். எழுத்து தூக்கி நிற்பது சட்டப்படி சரி என்பதை, இந்தப் பிளேட்டே சட்டப்படி சரி என்று இவன் படித்துக்கொண்டான். அப்படிப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதியும் இருக்கிறார்கள்.

கீழ் ஓரத்தில் இல்லாத வரி

அளவு பார்த்து முடித்து நிமிர்ந்தபோதுதான் முக்கியமான ஒன்று கண்ணில் பட்டது. சரியாகச் சொன்னால், படவில்லை. சட்டப்படியான பிளேட்டின் கீழே பொடி எழுத்தில் சில விவரங்கள் இருக்கும்: விற்ற கடையின் பெயரும் அஞ்சல் குறியீடும், செய்தவரின் பெயரோ குறியோ, அப்புறம் தர எண். 2021 செப்டம்பர் முதல் மாட்டும் பிளேட்டுக்கு அந்த எண் பி.எஸ். ஏ.யு. 145இ. அதற்கு முன் மாட்டியதில் 145டி இருக்கும், மாற்ற வேண்டியதில்லை. இந்தப் பிளேட்டில் கீழ் ஓரம் சுத்தமாக இருந்தது.

அந்தப் போலீஸ்காரர் முதலில் குனிந்து பார்த்ததும் கீழ் ஓரத்தைத்தான் என்று பையன் பிறகு சொன்னான். அவருக்கு ஸ்கேல் தேவைப்படவில்லை. கடைப் பெயர் இல்லையென்றால் மற்றதெல்லாம் தேடினால் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கடைக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன். பதில் ஒரே நாளில் வந்தது, பணிவாக. ரசீதின் அடியைப் பார்க்கவும் என்றார்கள். பார்த்தோம். ‘ஷோ பிளேட், கண்காட்சிக்கு மட்டும், சாலையில் பயன்படுத்த அல்ல.’ பக்கத்தின் தலையில் ரோட் லீகல், ரசீதின் காலில் ஷோ பிளேட். வண்டிக் கண்காட்சியில் நிறுத்தவோ சுவரில் மாட்டவோ எப்படி வேண்டுமானாலும் பிளேட் செய்துகொள்ளலாம். அந்த வழியில்தான் அவர்கள் நுழைகிறார்கள். எழுத்தை இழுத்து நகர்த்த அனுமதித்த நொடியிலேயே அது சாலைக்கான பிளேட் இல்லை என்று புரிந்துகொள்ள வேண்டும். சட்டப்படியான பிளேட்டில் இழுத்து நகர்த்த ஒன்றும் கிடையாது.

கடை மேல் புகார் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் சாலையில் ஓட்டுபவர்தான் பதில் சொல்ல வேண்டும். கடை சொன்னதை நம்பினேன் என்றால் போலீஸ்காரர் தலையாட்டிவிட்டுச் சீட்டை எழுதுவார்.

கேமராவுக்கு என்ன தெரியும்

பையனுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. “அஞ்சு மில்லிமீட்டர், பத்து மில்லிமீட்டர்ல என்ன மாமா ஆகப்போகுது? மனுஷனுக்குப் படிக்க முடியுதே” என்றான்.

மனுஷன் படிப்பதில்லை, அதுதான் விஷயம். நம்பரைத் தானாகப் படிக்கும் கேமரா 1976-இல் பிரிட்டனில்தான் உருவானது, போலீஸின் அறிவியல் பிரிவில். இன்றைக்கு லண்டன் நெரிசல் கட்டணம், 2023 ஆகஸ்டில் லண்டன் முழுக்க விரிந்த புகைக் கட்டண மண்டலம், நெடுஞ்சாலை, பெட்ரோல் நிலையம் எல்லாவற்றிலும் அதே தொழில்நுட்பம்தான். இந்தக் கேமராக்கள் பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியை வீசும். பிளேட்டின் பின்னணி அந்த ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் பொருளால் ஆனது. கறுப்பு எழுத்து திருப்பாது. முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள் என்ற வேறுபாடு அதற்குத் தெரியாது, இரண்டும் வெளிச்சம். வெளிச்சத்துக்கு நடுவே ஏழு இருட்டுத் துண்டுகளைத் தேடி, ஒவ்வொன்றையும் தனக்குத் தெரிந்த வடிவங்களோடு ஒப்பிடும். எட்டாவது துண்டு இருந்தால் அதையும் படிக்கும். கார் நிறுத்தத்தில் நடந்தது அதுதான்.

இடைவெளி எதற்கு அவ்வளவு முக்கியம் என்பதும் இதில்தான் இருக்கிறது. எழுத்தும் எண்ணும் ஒரே வடிவத்தில் இருக்கலாம் என்று விட்ட முறையில், எது எது என்று சொல்வது இடம்தான். இடத்தை நகர்த்தினால் முறையின் முதுகெலும்பை நகர்த்துகிறோம். ஜெர்மனிக்காரர்கள் வேறு வழி போனார்கள். 2000-இல் கட்டாயமாக்கிய அவர்களுடைய எழுத்துருவில் பூஜ்யத்தில் ஒரு வெட்டு இருக்கும், பி-யைத் திருத்தி ஆர் ஆக்க முடியாது, எஃப்-ஐத் திருத்தி ஈ ஆக்க முடியாது. அழகு கொஞ்சம் கம்மி. ஆனால் அந்த எழுத்துருவில் ராசி என்று எழுதிக்காட்டுங்கள் பார்ப்போம்.

தூக்கி நிற்கும் எழுத்துக்கும் ஒரு குறை உண்டு, சட்டத்தில் இல்லாவிட்டாலும் நடைமுறையில். எழுத்தின் ஓரத்தில் சேறு சேரும். பிரஷர் வாஷ் அடித்தால் பசை விடும். ஓர் எழுத்து விழுந்துவிட்டால் மிச்சம் இருப்பது உங்கள் நம்பர் அல்ல. பசை வைத்து அழுத்திய அந்தக் கடைசி எழுத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தேன், வந்துவிடும்போல இருந்தது.

கேமராவை வேண்டுமென்றே ஏமாற்றுவதற்கென்றே பூச்சும் படலமும் விற்கிறார்கள். அது வேறு ரகம், இவன் செய்ததோடு சேர்த்துப் பேசக்கூடாது. ஆனால் அதே 2001 விதிகள், நிழற்படத்தில் எழுத்து சரியாக விழுவதைக் கெடுக்கும் எதையும் பிளேட்டில் செய்யக்கூடாது என்கின்றன. எழுத்தின் தோற்றத்தை மாற்றும்படி போல்ட் வைப்பதுகூடக் குற்றம். கறுப்பு மூடி போட்ட போல்ட்டை வைத்து ஓர் எழுத்தை இன்னொன்றாகக் காட்டும் வித்தைக்காரர்களும் இதில் அடக்கம்.

எவ்வளவுக்கு எவ்வளவு

100 பவுண்டைக் கட்டிவிட்டால் வழக்கு முடிந்தது, லைசென்ஸில் புள்ளி ஏறாது. கோர்ட்டுக்குப் போனால் 1,000 பவுண்டு வரை போகலாம். வண்டி சாலைக்குத் தகுதியா என்று பார்க்கும் வருடாந்தர எம்.ஓ.டி. சோதனையில் பிளேட்டும் உண்டு, தவறாக இருந்தால் வண்டி தேறாது. இவனுக்கு எம்.ஓ.டி. அடுத்த மாதம்.

இவற்றையெல்லாம் சொல்லியபோது பெரிதாக அசையவில்லை. நம்பரைத் தவறாகக் காட்டினால் டி.வி.எல்.ஏ. அந்த நம்பரையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றபோதுதான் முகம் மாறியது. அவன் 399 பவுண்டு கொடுத்து வாங்கியது நம்பரைச் சொந்தமாக வைத்துக்கொள்ள இல்லை, அதைக் காட்டிக்கொள்ளும் உரிமையைத்தான். எப்படிக் காட்ட வேண்டும் என்பதும் அந்த உரிமைக்குள்ளேயே அடக்கம். “நம்பர் என்னோடது” என்று போனில் சொன்னதில் பிழை அங்கேதான் இருந்தது.

மாற்றியது

பதிவு பெற்ற கடை ஒன்றுக்கு நேரில் போனோம். லைசென்ஸும் வி5சியும் கேட்டார், வாங்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். எனக்கே ஒரு நிம்மதி. “எந்த மாதிரி வேணும்?” என்று அவர் கேட்டதும் நான் தட்டையாக அச்சடித்ததையே சொல்ல வாயைத் திறந்தேன். பையன் முந்திக்கொண்டான். “4டி.”

சரி, அவன் பிளேட், அவன் ஆசை. 5-க்கு முனை வந்தது, 1 அப்படியே 1. நடுவில் 33 மி.மீ. வெற்றிடம். கீழே கடைப் பெயர், அஞ்சல் குறியீடு, 145இ. நீளம் 424-க்கே வெட்டித் தரச் சொன்னான், கடைக்காரர் 430-க்குக் கீழே இறங்கவில்லை. ஓரம் வெட்டும்போது ஒரு மில்லிமீட்டர் நழுவினால் என் பெயர்தான் கீழே இருக்கும் என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

மாட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்தோம். ஆர், ஏ, 5, 1. அதிகாரப்பூர்வ எழுத்துருவில், அதிகாரப்பூர்வ இடைவெளியில், யாரும் எதையும் உருட்டாமல். இப்போதும் ராசி என்றுதான் படிக்க முடிந்தது. அந்த 5-ஐ உருட்ட வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

திங்கட்கிழமை காலை கட்டை தானாகத் திறக்கவில்லை. பட்டியலில் இவன் சேர்க்கச் சொன்ன எட்டு எழுத்து நம்பர் மட்டும் இருந்தது; ஏழு எழுத்தை அப்போது எடுத்துவிட்டிருந்தார்கள். காவலாளி சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தாராம்.

அன்றைக்கு ராத்திரி அக்கா வீடியோவில் வந்தாள். பின்பக்கத்தைக் காட்டச் சொன்னாள். பையன் போனைத் திருப்பினான்.

“டேய், வேல் எங்கடா?”

அவன் போனைக் கொஞ்சம் மேலே தூக்கி, பின் கண்ணாடியின் இடது கீழ் மூலையைக் காட்டினான்.